வைரவர் பாலையிலிருந்து கூப்பிடு தூரம்

எங்கள் ஊர் முதிரைமடுவைப் பார்ப்பதற்காகக் காட்டுக்குள் இறங்கியபோது நாங்கள் பதின்மூன்று பேர். வைரவர் பாலை மரத்தடியில் இளைப்பாறிவிட்டு எழும்பியபோது பதினான்கு பேராகியிருந்தோம். பதினான்காவது ஆளுக்கு உடம்பு இல்லை. பவளராணி ஒரு எட்டு வைக்க, அவளுக்கு இடப்பக்கத்தில், மாரி ஈரம் இன்னும் காயாத மண்ணில், இன்னொரு எட்டு தானாகப் பதிந்தது. வெறுங்கால், இளந்தாரிக் கால், இடது காலில் பெருவிரலுக்கு அடுத்த விரல் இல்லாத கால். எட்டு வயதில் விறகு கொத்தப் போய்க் கோடரியால் அந்த விரலைப் போக்கடித்தவன் எங்கள் ஊரில் ஒருவன்தான். பவளராணி குனிந்து பார்த்தாள். "யசோ," என்றாள். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மகனுக்கும் பாதையில் இடம் விட்டு, கொஞ்சம் வலப்பக்கமாக ஒதுங்கி நடந்தாள்.

முன்னால் கத்தியால் பற்றை வெட்டிக்கொண்டு போன சூசைதாசன் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, ரெண்டு பேர் சேர்ந்து நடக்க இது காணுமோ? இன்னும் கொஞ்சம் அகலமாய் வெட்டட்டோ?"

"காணும் தம்பி. அவன் ஒடுங்கித்தான் நடப்பான்."

எங்களுக்குள் ஒரேயொருவர்தான் தயங்கினார். ஊர் உழவர்களின் கமக்காரர் சங்கத் தலைவராக இருந்த கந்தவனம் ஐயா, காட்டுக்குள் போய்வர அனுமதி தந்த கடிதத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். "இதில பதின்மூண்டு பேற்ற பேர்தான் கிடக்குது," என்று அதை எடுத்து விரித்தார். "அவன் ஊர்க்காரன் ஐயா, அவனிட்ட ஆர் கடிதம் கேக்கிறது?" என்றான் சூசைதாசன். ஐயா யோசித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தார்.

பத்து வருடங்களுக்கு முன் ஓர் ஐப்பசிக் காலையில், ஷெல் விழத் தொடங்கியபோது, இதே பாதையால்தான் முதிரைமடு முழுவதும் ஓடியது. பானையோடு ஓடினவர்கள், தையல் மெசினைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஓடினவர்கள், ஒன்றும் எடுக்காமல் கதவை மட்டும் கவனமாகப் பூட்டித் திறப்பை இடுப்பில் முடிந்துகொண்டு ஓடினவர்கள், எல்லோரும் ஊரிலிருந்து இரண்டு மைல் தள்ளி இருக்கிற இந்த வைரவர் சூலத்தடியில், பெரிய பாலை மரத்தின் கீழ், மூச்சு வாங்க ஒருதரம் நின்றார்கள். அங்கே வைத்துத்தான் பத்தொன்பது வயது யசோதரன் தாயிடம் சொன்னான்: "மாடுகள் கட்டினபடி நிக்குது அம்மா. அவிழ்த்துவிட்டிட்டு ஓடி வாறன்." போனவன் வரவில்லை. பவளராணி பிறகு எந்த முகாமில் இருந்தாலும், எந்த அரசாங்கக் கந்தோர் வாசலில் படத்தோடு நின்றாலும், ஒரே கதையைத்தான் சொன்னாள்: "நான் அவனைப் பாத்துக்கொண்டு நிண்டனான். சனம் என்னைத் தள்ளிக்கொண்டு போட்டுது." அன்றைக்குச் சனம் அப்படித்தான் தள்ளியது, எங்களில் யாரும் அதில் ஐமிச்சப்படவில்லை.

ஆள் நடக்காத பத்து வருடத்தில் காடு எங்கள் பாதையை விழுங்கியிருந்தது. ட்ராக்டர் ஓடிய தடத்தில் தொடை மொத்தத்துக்கு வீரை, விண்ணாங்கு மரங்கள் நின்றன, வேலிக்கு நாங்கள் நட்ட கிளுவைகள் வேலியை மறந்து கொம்பு பிரிந்து வானத்துக்குப் போயிருந்தன, சூரை முள்ளும் நாயுண்ணியும் ஒன்றையொன்று பின்னிக் கதவடைத்தன, வெட்ட வெட்டப் பின்னால் மூடிக்கொண்டு வருவதுபோல் கொடிகள் எங்கள் முதுகைத் தடவின, மேலே இலை அடர்ந்து காலைப் பத்து மணி வெளிச்சமே குளத்தின் அடியில் நிற்பதுபோல் பச்சையாக இருந்தது. கந்தவனம் ஐயா மைல்கல் தேடினார். கிடைக்கவில்லை. "இந்த வளைவில எங்கட வாசிகசாலை தெரியவேணும்," என்பார், அங்கே ஒரு குரங்குக் கூட்டம் இருக்கும். நாங்கள் வழி பிழைத்துவிட்டோம் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருடைய கண்ணும் பவளராணிக்கு இடப்பக்கம் போயிருந்தது. அந்தக் கால் மட்டும் தயங்காமல் நடந்தது.

கருங்காலி மரமொன்று விழுந்து கிடந்த இடத்தில் அது பாதையை விட்டு இறங்கியது.

"பாதையை விட்டு இறங்கக் கூடாது எண்டு சொல்லித்தானே விட்டவை," என்றார் கந்தவனம் ஐயா. "மிதிவெடி இன்னும் எடுக்கேல்லை. பிள்ளை பவளம், நில்லு."

பவளராணி நிற்கவில்லை. மகனுடைய காலடி பதிந்த இடத்தில் தன் காலை வைத்து இறங்கினாள். அவளுக்குப் பின்னால் புஸ்பமலர் இறங்கினாள். அவள் கால் வைத்த இடத்தில் அடுத்தவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர் என்று, பன்னிரண்டு பேர் ஒரே காலடியில் நடந்தோம். கடைசியாகக் கந்தவனம் ஐயா "வைரவா" என்று சொல்லிக்கொண்டு இறங்கினார். மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோதுதான், நாங்கள் விட்டு வந்த பாதையில், இன்னும் ஐம்பது யார் தூரம் போயிருந்தால் நெஞ்சில் முட்டியிருக்கக்கூடிய இடத்தில், ஏழு யானைகள் குட்டியோடு நிற்பதைக் கண்டோம். யசோதரன் ஒரு கணம் எங்களுக்காக நின்றான். பிறகு நடந்தான்.

அதற்குப் பிறகு எல்லோரும் அவனோடு கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். "தம்பி, மெல்ல நட, எனக்கு முழங்கால் ஏலாது," என்றார் ஐயா, கால் மெதுவானது. "மச்சான், உன்ர வகுப்புக்காரன் பாஸ்கரன் இப்ப சுவிஸில, கலியாணமும் கட்டிட்டான்," என்று ஒருவன் சொன்னான், பிறகு சொல்லியிருக்கக் கூடாதோ என்று வாயைப் பொத்திக்கொண்டான். பவளராணி மட்டும் அவன் நடையையே பார்த்துக்கொண்டு போனாள், பிள்ளை முதன்முதல் நடக்கிறபோது தாய் பார்க்கிற மாதிரி, விழுந்தால் பிடிக்கலாம் என்பதுபோல் ஒரு கையைக் கொஞ்சம் நீட்டியபடி.

குளத்து அணைக்கட்டில் ஏறியபோது உச்சிவேளை. குளம் முழுவதும் தாமரை. தண்ணீர் எங்கே என்று தேடவேண்டியிருந்தது. கொண்டுவந்த புட்டும் சம்பலும் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் தாமரை இலையில் வைத்தோம். பதினான்காவது இலையும் போட்டோம். அவன் அதைத் தொட்டானா என்று எவரும் பார்க்கவில்லை, சாப்பிடுகிறவர்களைப் பார்ப்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை.

அப்போதுதான் புஸ்பமலர் இலையைத் தள்ளிவிட்டு எழும்பி வந்தாள். அவளும் பவளராணியும் ஒரே வயது, ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் பிள்ளை பெற்றவர்கள். அவளுடைய மகன் நிமலன், சண்டை முடிந்த நாளில், சனத்தோடு சனமாய் ஒரு பஸ்ஸில் ஏறினதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள்; இறங்கினதைக் கண்டவர்கள் இல்லை.

"பவளம், அவனைக் கேள்," என்றாள். "என்ர பிள்ளையை அங்க எங்கையும் கண்டவனோ எண்டு கேள்."

பவளராணி வாய் திறக்கும்வரை புஸ்பமலர் பொறுக்கவில்லை. மண்ணில் முழங்கால் போட்டு, அந்தக் காலடிக்கு நேராகக் குனிந்து, தானே கேட்டாள்: "யசோ, தம்பி, என்ர கையாலயும் எத்தினை நாள் சாப்பிட்டிருக்கிறாய். நிமலன் உன்னோட நிக்கிறானோ? இல்லையோ? ஒண்டைச் சொல்லு ராசா."

குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு காலடிகளும் அழிந்து, அவள் பக்கமாகத் திரும்பிப் பதிந்தன. நெடுநேரம் அப்படியே இருந்தன. ஒருவர் பாரத்தோடு நின்றால் மண் இறங்குவதுபோல் குதி இரண்டும் ஆழமாய் இறங்கின. பிறகு ஊர்ப் பக்கம் திரும்பி நடந்தன. அவன் ஓம் என்றானா, இல்லை என்றானா, தெரியாது என்றானா என்று நாங்கள் பிறகு மாதக் கணக்கில் வாதாடியிருக்கிறோம். புஸ்பமலர் அன்றைக்கு வாதாடவில்லை. அந்தப் பள்ளத்தில் ஊறிய தண்ணீரை விரலால் தொட்டுவிட்டு எழும்பி எங்களோடு வந்தாள்.

ஊர் என்று ஒன்று இருக்கவில்லை. சுவர்களுக்குள் மரங்கள் குடியிருந்தன. கந்தவனம் ஐயா தன் வீட்டுச் சாமியறைக்குள் நின்ற நாவல் மரத்தைச் சுற்றி மூன்று தரம் நடந்தார், கும்பிடுவதா வெட்டுவதா என்று தெரியாமல் நின்றார். பூட்டிய கதவின் திறப்பை இடுப்பில் முடிந்து ஓடின கிழவி போன வருடம் செத்துப்போனாள். திறப்பை அவள் மருமகள் கொண்டுவந்திருந்தாள், கதவு இல்லை, நிலை மட்டும் நின்றது, அவள் அந்த நிலைக்குள்ளால் குனிந்து போய் உள்ளே நின்று அழுதாள். ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் வீட்டு வளவுக்குள் போய் அழுதார்கள். பவளராணி வீட்டைப் பார்க்கவேயில்லை. மகன் போன பக்கம், மாட்டுக் கொட்டிலுக்குப் போனாள்.

கொட்டிலின் கூரை போய்விட்டது, கட்டைகள் ஐந்தும் நின்றன. ஐந்திலும் நைலோன் கயிறுகள் தொங்கின. சூசைதாசன் ஒன்றைத் தூக்கிப் பார்த்தான்.

"அக்கா, இது அறுந்த கயிறில்லை. முடிச்சு அவிழ்த்த கயிறு. அஞ்சும் அப்படித்தான்."

"வந்திருக்கிறான்," என்றாள் பவளராணி. "இஞ்ச மட்டும் வந்திருக்கிறான்." அவள் முகத்தில் அப்போது வந்தது சந்தோசம் என்றுதான் சொல்லவேண்டும்.

காலடி கொட்டிலை ஒருதரம் சுற்றியது. பிறகு, நாங்கள் வந்த பாதையால் அல்ல, பழைய மாட்டுப்பாதையால், காட்டுக்குள் திரும்பியது. அது வைரவர் பாலைக்குப் போகிற குறுக்குவழி என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இப்போது அந்தக் கால் நடக்கவில்லை, ஓடியது. குதி பதியவில்லை, விரல்கள் மட்டும் பதிந்தன, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஆறடிக்கு மேலே இடைவெளி. பவளராணியும் ஓடினாள். ஐம்பத்தெட்டு வயதில், முள் சேலையைக் கிழிக்க, "வாறன் ராசா, வாறன்," என்று ஓடினாள். நாங்கள் அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் ஓடினோம்.

ஒரு வீரை மரத்தடியில் காலடி நின்றது. இரண்டு பாதமும் பக்கத்துப் பக்கத்தில், வடக்கே பார்த்தபடி. அதற்கு அப்பால் சருகு கலையாமல் கிடந்தது.

சூசைதாசன் கத்தியோடு முன்னால் போய் வழி பார்த்தான். அவன் மறைந்து கொஞ்ச நேரத்தில் அவனுடைய குரல் கேட்டது, பக்கத்தில் நின்று கதைப்பதுபோல் தெளிவாக: "ஐயா, இது வைரவர் பாலை! இஞ்சதான் நிக்கிறன்! கேக்குதோ?"

கேட்டது. எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பவளராணி அந்தக் காலடிகளுக்கு முன்னால் அப்படியே குந்திவிட்டாள்.

"நான்தான் சொன்னனான்," என்றாள்.

"என்னத்தைப் பவளம்?" புஸ்பமலர் பக்கத்தில் இருந்தாள்.

"போவம் எண்டு நான்தான் சொன்னனான். சனம் தள்ளேல்லை. சனம் எல்லாம் போனாப் பிறகும் நானும் மகளும் பாலையடியிலதான் நிண்டனாங்கள். ரெண்டு மணித்தியாலம் நிண்டனாங்கள். ஷெல் கிட்டக் கிட்ட விழுந்துது. மகள் சொன்னவள், அம்மா இன்னும் கொஞ்சம் பாப்பம், அண்ணா வந்திடுவான் எண்டு. நான் அவளின்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போனனான். கூப்பிட்டுக்கூடப் பாக்கேல்லை, புஸ்பம். சத்தம் போட்டா எங்களையும் கண்டுபிடிச்சிடுவாங்கள் எண்டு பயத்தில கூப்பிடேல்லை. கூப்பிட்டிருந்தா அவனுக்குக் கேட்டிருக்கும்."

மகள் இப்போது கனடாவில். ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுப்பாள், சாப்பாடு, மருந்து, பேரப்பிள்ளையின் பல் என்று எல்லாம் கதைப்பாள். பத்து வருடத்தில் அந்த இரண்டு மணித்தியாலத்தைப் பற்றி ஒருநாளும் இருவரும் கதைத்ததில்லை என்று பவளராணி சொன்னாள். அன்றைக்கு எங்களில் யார் யாருடைய கையை விட்டோம், யாரைக் கூப்பிடாமல் ஓடினோம் என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல ஒன்று இருந்தது, எவரும் சொல்லவில்லை.

அவள் கையால்தான் சருகை விலக்கினாள். கத்தியை வேண்டாம் என்றுவிட்டாள். ஒரு சாண் ஆழம்கூடப் போகவேண்டியிருக்கவில்லை, பத்து வருடச் சருகும் வீரையின் மெல்லிய வேர்களும்தான் அவனை மூடியிருந்தன. இடது காலை மட்டும் திறந்தாள். விரல்களை ஒவ்வொன்றாய்த் தொட்டு எண்ணினாள். நான்கு. "போதும்," என்றாள். கந்தவனம் ஐயா தோளில் கிடந்த சால்வையை எடுத்து விரித்தார். நாங்கள் திரும்பி வந்தபோது பதின்மூன்று பேராக இருந்தோம்.

பொலிசுக்கு அறிவித்தோம். வந்தார்கள், அளந்தார்கள், படம் பிடித்தார்கள், எடுத்துக்கொண்டு போனார்கள், ஏழு மாதம் கழித்து ஒரு பெட்டியில் தந்தார்கள். படிவம் நிரப்பிய எழுதுவினைஞர் பொடியன் நல்லவன். "எப்பிடி அம்மா இடத்தைக் கண்டுபிடிச்சனீங்கள்?" என்று கேட்டான். "கூட்டிக்கொண்டு போனவன்," என்றாள் பவளராணி. "ஆர்?" "மகன்." அவன் பேனையைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். பிறகு 'உறவினர் மூலம்' என்று எழுதினான்.

சிதை குளத்துக் கட்டில் எரிந்தது. கொள்ளி வைக்க ஆண்பிள்ளை இல்லை என்று யாரோ தொடங்கியபோது, பவளராணி கொள்ளியை வாங்கித் தானே வைத்தாள். அந்த ஞாயிறு மகள் எடுத்தபோது, அவள் சாப்பாட்டைக் கேட்பதற்கு முன்பே, "பிள்ளை, நீ சொன்னது சரி, நாங்கள் நிண்டிருக்கவேணும்," என்றாள். பிறகு இரண்டு பேரும் அழுத அழுகை பக்கத்து வளவுக்குக் கேட்டது.

அடுத்த வருடம் நாங்கள் திரும்பிக் குடியேற, முதிரைமடுவில் தகரக் கொட்டில்கள் எழும்பின. அதற்குள் கதை பரவிவிட்டது. மன்னாரிலிருந்தும் வாகரையிலிருந்தும் தாய்மார் வந்தார்கள். படம் கொண்டுவந்தார்கள், பிள்ளை விரும்பிய தோதலும் பனங்காய்ப் பணியாரமும் கொண்டுவந்தார்கள், சிலர் புதுச் செருப்பு வாங்கிக் கொண்டுவந்து பாலையடியில் வைத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, இடப்பக்கம் இடம் விட்டு, ஒவ்வொருவராய்க் காட்டுக்குள் நடந்தார்கள். பின்னேரங்களில் ஈர்க்குமாறால் பாதையைக் கூட்டினார்கள், விடியப் புதுக்கால் பதிந்தால் தெரியவேண்டும் என்று. யானை நடமாடும் காட்டுக்குள் இரண்டு மைல் தூரம், வீட்டு முற்றம் மாதிரி, கூட்டின கோடு தெரிய ஒரு பாதை கிடந்ததை எங்கள் ஊரில்தான் பார்க்கலாம். அந்தப் பாதையில் மட்டும் பிறகு பற்றை வளரவில்லை.

எல்லாமாய் இரண்டு பேருக்குத்தான் கால் வந்தது. வாகரைத் தகப்பன் ஒருவருக்குப் பக்கத்தில் சின்னப் பெண்பிள்ளையின் கால் பதினொரு எட்டு நடந்தது. இன்னொரு தாய்க்கு ஒரே ஒரு காலும் ஊன்றுகோல் குத்தின குழியும் வந்தன. இரண்டும் ஓரிடத்தில் நின்றன. நின்ற இடத்தில் சருகை விலக்கினார்கள். அதற்குப் பிறகுதான், கால் வந்தால் அதன் கருத்து என்ன என்பது எல்லோருக்கும் விளங்கியது. வருகிறவர்கள் குறைந்தார்கள். வந்தவர்களிலும் சிலர் பாலையடி வரை வந்து, கற்பூரம் கொளுத்திவிட்டு, உள்ளே நடக்காமல் திரும்பினார்கள்.

புஸ்பமலர் மட்டும் விடவில்லை. தினமும் காலையில் தேத்தண்ணி குடித்த கையோடு வெளிக்கிடுவாள். பவளராணி அவளை ஒருநாளும் தனியே விட்டதில்லை. பாலையடியிலிருந்து குளம், குளத்திலிருந்து பாலையடி என்று இருவரும் நடப்பார்கள். புஸ்பமலரின் இடப்பக்கம் வெறுமையாக இருக்கும், வலப்பக்கம் பவளராணி. மழைக் காலத்தில் ஒரு குடை, வெயில் காலத்தில் அதே குடை. அப்படி ஆறு வருடம் போனது. புஸ்பமலருக்குக் கண்ணில் வெண்படலம் விழுந்தது, சீனி வருத்தம் கூட என்று வைத்தியர்கள் வெட்டத் தயங்கினார்கள், கொஞ்சம் கொஞ்சமாய்ப் பாதை மங்கி, பிறகு மண்ணும் மரமும் ஒன்றாகி, பிறகு ஒன்றும் தெரியாமல் போனது. அதற்குப் பிறகும் நடந்தாள். பவளராணியின் தோளில் கை வைத்துக்கொண்டு நடந்தாள், குளத்துக் கட்டுக்கு வந்ததும் நின்று கேட்பாள்:

"பக்கத்தில ஏதும் காலடி கிடக்குதோ பவளம்?"

"இல்லை புஸ்பம்."

"நல்லாய்ப் பாத்தனியே?"

"பாத்தனான்."

நாள்தோறும் இதே கேள்வி, இதே பதில். பின்னால் விறகு பொறுக்கிக்கொண்டு போகிற நாங்கள் அந்த இடம் வந்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம். ஒருமுறை சூசைதாசன் பவளராணியைத் தனியே கூப்பிட்டு, "அக்கா, குருட்டு மனிசி, ஒருநாளைக்கு ஓம் எண்டு சொன்னா என்ன குறைஞ்சுபோகும்? அதோட அது ஆறி வீட்டில இருக்குமே," என்றான். அது பவளராணியின் மனதுக்குள் இறங்கிவிட்டது. அடுத்த நாள் குளத்துக் கட்டில் வைத்து அந்தக் கேள்வி வந்தபோது அவள் வழக்கம்போல் உடனே பதில் சொல்லவில்லை. குளத்தைப் பார்த்தாள். தோழியின் கால்கள் வெடித்திருந்ததைப் பார்த்தாள், ஆறு வருட நடை அந்தக் கால்களில் இருந்தது. ஓம் என்கிற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பத்து வருடம் ஒரு பொய்யைச் சுமந்தவளுக்கு இன்னொன்றைத் தூக்கத் தெம்பு இருக்கவில்லை.

"இல்லை புஸ்பம்," என்றாள். "ஒண்டும் இல்லை."

தோளை இறுக்கிப் பிடித்திருந்த புஸ்பமலரின் கை தளர்ந்தது.

"ஏனடி இவ்வளவு நேரம் எடுத்தனி?" என்றாள். "ஓம் எண்டு சொல்லிப்போடுவியோ எண்டு, ஒவ்வொரு நாளும் எனக்கு உயிர் போய் உயிர் வருகுது."